பஞ்சுத் தலையணை

கொழும்பு
12.3.1974

அன்புள்ள பொன்னழகுக்கு,

நான் சுகம். தெமோதரைத் தோட்டத்தில் நீ சுகமா? மகள் தவமணிக்கு மூச்சிழுப்பு குறைந்ததா?

கடை வேலைக்கு வந்தும் எனக்கு இழுப்பு விடவில்லை. இதை ஆராயும் டாக்டர் ஒருவர் ஆறு வகைத் தூசியை என் கையில் ஊசியால் குத்திப் பார்த்தார். நம் தோட்டத்துப் பெக்டரியில் தேயிலை சலிக்கும்போது பறக்கும் பஞ்சைக் குத்திய இடம் மட்டும் வீங்கியது. பயப்படாதே, வடிந்துவிட்டது.

"பெக்டரிய விட்டு மூணு மாசமாச்சே, இன்னும் ஏன் இழுக்குது?" என்றார்.

அந்தப் பஞ்சை அடைத்து நீ தைத்துத் தந்த தலையணையை ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிட்டேன். தவமணியும் அதே பஞ்சில்தான் படுக்கிறாள். இதைப் படித்ததும் அவள் தலையணையை லயத்து வீடுகளுக்குத் தூரமாய்ப் புதைத்துவிடு. உன்மேல் குற்றமில்லை, பஞ்சை அள்ளி வந்தவன் நான்.

தபால் எடுக்கும் நேரமாகிறது. தலைக்கு வைக்க உன் பழைய சேலை ஒன்று அனுப்பு. பஞ்சுத் தூசி போகத் துவைத்து அனுப்பு. உன் வாசமும் போய்விடுமே என்று அதை எழுதத்தான் மனம் வரவில்லை.

உன்
சிவஞானம்