பத்தால் வகுத்த கோப்பு

நாள் 2911, 06:10
இதைக் கண்டெடுக்கும் புண்ணியவானே! நீர் நம்பவே போகாத கதை ஒன்றைச் சொல்லப்போகிறேன் என்று சனிக்கோளின் அத்தனை வளையங்கள் மீதும் சத்தியம் செய்கிறேன். நான் உமையொருபாகம். இந்த ஒற்றை ஆள் நிலையத்தின் சக்கரவர்த்தி, சேனாதிபதி, சமையல்காரன். வேலை: தினமும் ஒரு கோப்பைத் திறந்து நிலையத்தின் அளவுகளை எழுதுவது. கோப்பு இருப்பதோ மதுரைத் தரைநிலையக் கணினியில். அங்கே அதைச் சரிபார்ப்பவள் என் அக்காள் மகள் அங்கயற்கண்ணி. ஒருவர் திறந்திருந்தால் மற்றவருக்குப் பூட்டு. படிக்கலாம், எழுத முடியாது. என் எழுத்து அங்கே போக எண்பது நிமிடம். அவள் ஏச்சு இங்கே வர இன்னொரு எண்பது.

நாள் 2911, 09:30
அழகர் மலை அளவு விண்கல் வந்தது, வெறுங்கையால் தட்டிவிட்டேன் என்று எழுதியிருந்தேன். அவள் திருத்தம்: "காதுல பூ சுத்தாதீங்க மாமா. புளியங்கொட்டை அளவுன்னு போட்டுட்டேன்." எட்டு வருடமாக இதுதான் வழக்கம். நான் எதை எழுதினாலும் அவள் பத்தால் வகுப்பாள். வகுத்தால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

நாள் 2914, 07:05
புளியங்கொட்டை ஒன்று நிஜமாகவே வந்தது. காற்றுக் கலத்தில் ஓட்டை. கசிவு நாளுக்கு நாற்பது கிலோ. நாலு என்றால் பனியை உருக்கிக் காற்று செய்து சமாளித்துவிடுவேன். நாற்பது என்றால் மூன்று நாள். சரக்குக் கப்பல் ஒன்று இந்தப் பக்கம் வருகிறது. நாளை பன்னிரண்டு மணிக்கு அதன் கணினி கோப்பைப் படிக்கும். பத்துக்கு மேல் இருந்தால் நிற்கும், இல்லையென்றால் போய்விடும். குரல் அனுப்பும் அலைக்கம்பம் கல்லோடு போயிற்று. மிச்சம் கோப்பு மட்டும். 'நாற்பது' என்று எழுதிச் சேமித்து மூடினேன்.

நாள் 2914, 10:20
அவள் திருத்தம்: "நாப்பதா? போன வாரம் வளையத்துல யானை குளிச்சுதுன்னீங்களே, அதுக்கு அண்ணனா இது? நாலு. சாப்டுட்டு பேசாம படுங்க மாமா."
உடனே கோப்பைத் திறக்கக் கட்டளை அனுப்பினேன்.

நாள் 2914, 13:05
பூட்டு. அவள் மூடவில்லை. இன்று அழகர் ஆற்றில் இறங்கும் நாள். மதுரையே வைகையில் நிற்கும். திருத்திய கையோடு ஓடியிருப்பாள்.

நாள் 2915, 11:50
பூட்டு. நூற்றுப் பதினேழு முறை தட்டிவிட்டேன். மிகையில்லை. எண்ணினேன்.

நாள் 2915, 12:20
கப்பல் படித்தது. நாலு. ஜன்னலில் அதன் விளக்கு கொஞ்ச நேரம் பெரிதாகத் தெரிந்தது. அப்புறம் சிறுத்தது.

நாள் 2916, 08:15
பூட்டு திறந்துவிட்டது. இப்போது எத்தனை நாற்பது வேண்டுமானாலும் எழுதலாம். எழுதினால் கப்பல் திரும்புமா? திரும்பாது. அந்தப் பிள்ளைதான் ஆயுசு முழுக்கத் தலையில் அடித்துக்கொள்ளும். அவளுக்கு வகுக்கக் கற்றுக்கொடுத்ததே நான்.
எழுதினேன்: "கண்டுபிடிச்சிட்டியே கழுதை! நாலுதான். ஆனா இன்னைக்குக் காலைல புதுசா ஒரு கல்லு வந்து குழாயே வெடிச்சிருச்சு. யார் தப்பும் இல்லம்மா."
சேமித்தேன். மூடினேன்.

நாள் 2916, 11:00
அவள்: "நாலுன்னு எனக்குத் தெரியாதா! ஆமா, குழாய் வெடிச்சதையும் பத்தால வகுக்கணும்தானே? சொல்லுங்க மாமா. வகுக்கணும்தானே?"
கோப்பைத் திறந்தேன். எதுவும் எழுதாமல் மூடினேன். அவளுக்குப் பூட்டு இருக்கக் கூடாது.

நாள் 2917, 05
விரல் விறைக்கிறது. புண்ணியவானே, இந்தக் குறிப்பு இங்குள்ள கணினியில் மட்டும். மதுரைக்குப் போகாது. அவளிடம் காட்டாதீர். கேட்டால், உங்கள் மாமா விட்ட கப்சா என்று சொல்லும். கப்சாதான். மலை பொய். யானை பொய். இரண்டாவது கல் பொய்
ஒரே ஒரு சின்ன விஷயம்
அந்த நாற்பது மட்டும் நிஜம்