சுவரில் இல்லாத கரண்ட்

ஜூன் 3, திங்கள்

பல வருஷம் முன்பு ஏழாம் வகுப்பில் தங்கராசு கேட்டான்: "டீச்சர், சுவிட்சை ஆஃப் பண்ணியாச்சு. அப்புறமும் ஃபேன் ஏன் சுத்திக்கினே இருக்குது?" நிலைமம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பையனுக்குத் திருப்தியில்லை. இன்று மாத்திரை அட்டையைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தபோது ஏனோ அவன் நினைவு.

ஆம், நிறுத்திவிட்டேன். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு சோறு இறங்காமல், எழுந்திருக்கவே பிடிக்காமல் கிடந்தேனே, அப்போது டாக்டரம்மா எழுதிக்கொடுத்த மன அழுத்த மாத்திரை. நல்லதுதான் செய்தது. ஆனால் என் மகள் அருள்மொழிக்கு அக்டோபரில் அவள் அனல்மின் நிலையத்தின் ராஜஸ்தான் யூனிட்டில் மூன்று மாத வேலை வந்திருக்கிறது. "மாத்திரை சாப்பிடற அம்மாவை குவார்ட்டர்ஸ்ல தனியா விட்டுட்டுப் போவேனா?" என்கிறாள். கொஞ்ச நாள் மாத்திரை இல்லாமல் சிரித்துக்கொண்டு இருந்து காட்டிவிட்டு அப்புறம் சொல்கிறேன். மதிப்பெண் வந்தபின் வீட்டில் சொல்வதுபோல.

ஜூன் 5, புதன்

ஒன்றுமே இல்லை. இதற்குப் போயா பயந்தேன்?

ஜூன் 7, வெள்ளி

ஃப்ரிட்ஜைத் திறக்கத் திரும்பினேன். சுரீர் என்று ஷாக். கையில் இல்லை, தலைக்குள். மிக்சி பக்கம் திரும்பினால் மறுபடியும். எங்கோ கரண்ட் கசிகிறது. ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்பும் ஊரில் இருந்துகொண்டு இதை வெளியில் சொல்லவே வெட்கம்.

ஜூன் 8, சனி

வீட்டுக்குள் ரப்பர் செருப்பு. அருள்மொழியையும் போடவைத்தேன். குழம்பு கிளற மரக்கரண்டி. குமட்டல் வேறு. கனவில் ஒரு மாடு காலாண்டுத் தேர்வுத் தாள்களை நிதானமாகத் தின்றது. மதியம் டிவியில் சோப்பு விளம்பரம் பார்த்து அழுதேன். சோப்புக்கு யாராவது அழுவார்களா?

ஜூன் 10, திங்கள்

அருள்மொழி கம்ப்ளெயின்ட் கொடுத்து, எலக்ட்ரீஷியன் இளம்பரிதி வந்தார். குறிஞ்சிப்பாடிக்காரர். ஒவ்வொரு பிளக்கிலும் டெஸ்டர் வைத்தார். ஃப்ரிட்ஜைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

"எதுலயும் லீக் இல்லீங்க டீச்சர். இன்னாத்துக்குங்க வூட்டுக்குள்ள செருப்பு போட்டுகினு?"

"இப்பக்கூட அடிக்குதுப்பா."

"மெயினையே ஆஃப் பண்ணிட்டேங்க."

சந்தேகம் தீர வாசலுக்குப் போய் வேப்பமரத்தடியில் நின்றேன். எதையும் தொடவில்லை. ரோட்டில் சைக்கிள் மணி கேட்டுத் திரும்பினேன் — சுரீர்.

"மரத்துக்கு இன்னும் லைன் குடுக்கலீங்களே டீச்சர்" என்றார் இளம்பரிதி.

அருள்மொழி சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். இளம்பரிதி கிளம்பிய பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, மாத்திரை போடறியா இல்லியா?"

பீரோவைத் திறந்து காட்டினேன்.

ஜூன் 11, செவ்வாய்

பயமா இருக்கு. பழசு திரும்பி வருதா? அந்தக் கட்டில், அந்தச் சுவர் — மறுபடியும் அதையே பாத்துக்கினு கிடக்கணுமா? இவளும் போகமாட்டா. எல்லாம் என்னால.

ஜூன் 12, புதன்

டாக்டரம்மா திட்டவில்லை. எப்போது தொடங்கியது, எப்படி அடிக்கிறது என்று பொறுமையாகக் கேட்டார். "நோய் திரும்பி வந்தா இப்படித் தலையில ஷாக் அடிக்காதுங்க. மருந்தை ஒரேயடியா விட்டீங்க பாருங்க, அதுக்கு உடம்பு பண்ற கலாட்டா. நிறுத்தலாம். ஆனா என்கிட்ட சொல்லிட்டு, கொஞ்சங்கொஞ்சமா." பழைய அளவையே மறுபடி தொடங்கச் சொன்னார். பிறகு மெல்லக் குறைப்பாராம்.

திரும்பும் வழியில் வண்டியில் அருள்மொழி, அனல்மின் நிலையத்து இன்ஜினியர் அல்லவா, பாடம் எடுத்தாள்: "டர்பைனை நிறுத்தினாக்கூட ஷாஃப்டை மெதுவா சுத்தவிட்டுக்கினே இருப்போம்மா. சூட்டோட அப்படியே நின்னா வளைஞ்சிடும். நீ படார்னு ட்ரிப் பண்ணிட்டே."

தங்கராசு, நீயும் வண்டியில் இருந்திருக்கலாம்.

ஜூன் 17, திங்கள்

ஷாக் இல்லை. செருப்பு வாசலுக்குப் போய்விட்டது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மாத்திரை அளவைக் குறைத்ததில் மறுபடி லேசாகச் சுரீர். உடனே அருள்மொழியிடம் சொன்னேன், அவள் டாக்டரம்மாவிடம். அடுத்த குறைப்பைத் தள்ளிவைத்தார்கள். அவ்வளவுதான்.

சாப்பிடும்போது அருள்மொழி சாதாரணமாகச் சொன்னாள், ராஜஸ்தானுக்குச் சரி என்று சொல்லிவிட்டாளாம்.

"நான் இன்னும் மாத்திரை சாப்பிடறேனே?"

"சாப்பிடற அம்மாவை விட்டுட்டுப் போலாம். ஒளிக்கிற அம்மாவைத்தான் விட முடியாது. ரசம் ஊத்து."

ஊற்றினேன். கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது, தட்டெல்லாம் ரசம்.

டிசம்பர் 8, ஞாயிறு

அருள்மொழி வீடியோ காலில் ஒட்டகம் காட்டினாள். என்னைவிட அதற்கு இமை அழகு. டாக்டரம்மா சொல்லி, கடைசிச் சின்ன மாத்திரையும் போன மாதம் நின்றது.

"ஷாக் அடிக்குதாம்மா?"

"மரத்துக்கு இன்னும் லைன் வரலடி."

சிரித்துச் சிரித்து அவள் போன் ஆடியது. ஒட்டகமும் ஆடியது. போனை வைத்த பின் எனக்காக மட்டும் காபி போட்டேன். மிளகாய் காயவைக்க மொட்டைமாடிக்குப் போகவேண்டும்.

தங்கராசு, என்றைக்காவது நீ இதைப் படித்தால், உன் கேள்விக்குப் பாக்கி பதில் இது. ரெகுலேட்டரை ஐந்திலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி, கடைசியில் அணைத்துவிட்டு, ஃபேன் தானாக நிற்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்.