ஷப்னம் யாரென்று அவளிடம் சொன்னேன்

போன வாரம் மருமகனுக்குப் புது ஹெட்போன் வந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். "போட்டுப் பாருங்க மாமா, வெளிச் சத்தமே கேக்காது" என்று என் காதில் மாட்டிவிட்டான். ரெக்ஸினும் பஞ்சும் கலந்த அந்தப் புது வாசனை மூக்கில் ஏறியதும், கோவில்பதாகை ஃப்ளாட்டின் ஹாலில் உட்கார்ந்திருந்த எனக்கு நம் பழைய விமானம் நினைவுக்கு வந்தது. கழற்றிக் கொடுத்துவிட்டேன். நீ போய்ச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. உனக்கு எழுதிவிட வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

விமானப்படையில் இருந்தபோது, அந்த விமானத்தின் ஜன்னலில்லாத பகுதியில் காதில் ஹெட்போனோடு தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருப்போம். எல்லைக்கு இந்தப் பக்கமாகவே பறந்து, அந்தப் பக்கத்து ராணுவம் வயர்லெஸ்ஸில் பேசுவதை ஒட்டுக்கேட்பது நம் வேலை. மண்ணூர்பேட்டையில் பக்கத்து வீட்டு பாய் பிள்ளைகளோடு வளர்ந்தவன் நீ. உருது உனக்குச் சரளம். பேச்சைக் கேட்டு எழுதுவது நீ. அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று வரைபடத்தில் கோடு போடுவது நான்.

ஷப்னம் என்பது அவர்களுடைய நிலையம் ஒன்றின் அழைப்புப் பெயர். அங்கிருந்து பேசுகிறவன் ஓர் ஆண். வாய் திறக்கும் முன் இரண்டு முறை தொண்டையைச் செருமுவான். ஏழெட்டு மாதம் அவன் குரலோடு குடியிருந்தாய். "மாமே, இன்னிக்கு நம்மாளுக்கு ஜலதோசம்" என்பாய். ஒரு நாள் சிரித்துக்கொண்டே, "அவனுக்குப் பொண்ணு பொறந்துகீதாம். அல்லாரும் மிட்டாய் கேக்குறானுங்க" என்றாய். அதை மட்டும் நீ தாளில் எழுதவில்லை.

பிறகு சண்டை வந்தது. நான் போட்ட கோடுகள் ஒரு நாள் ஒரே புள்ளியில் வெட்டிக்கொண்டன; ஷப்னம் இருந்த இடம் அதுதான். தரையிறங்கியதும் தாளை மேலதிகாரிகளிடம் கொடுத்தோம்; குண்டு போட அவர்களுக்கு அது போதும். இரண்டு நாள் கழித்துப் பறந்தபோது அந்த அலைவரிசையில் இரைச்சல் மட்டும்தான் இருந்தது. இனி அதைக் கேட்க வேண்டாம் என்று உத்தரவு. நீயோ இறங்கும்வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தாய். கீழே வந்ததும், "நம்மளால கேக்கத்தான் முடியும், இல்ல மாமே? ஒரு வார்த்த சொல்ல முடியாது" என்றாய். அதன் பிறகு நாம் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. வெளியே மூச்சு விடமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டவர்கள் அல்லவா? வீட்டுப் பெண்களைப் பொறுத்தவரை நாம் ரேடியோ ரிப்பேர் பார்த்தவர்கள்.

ஓய்வுக்குப் பிறகு நீ நெமிலிச்சேரியில் வீடு கட்டினாய். நான் இங்கே வந்தேன். பேரப்பிள்ளைகள், முழங்கால் வலி, பென்ஷன் எல்லாம் பேசினோம். போன வருடம் உனக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. என்னைக்கூட யாரோ போலப் பார்த்தாய்.

ஒரு நாள் உன் மனைவி என்னை வாசலிலேயே நிறுத்தினாள். கண்கள் வீங்கியிருந்தன.

"அண்ணே, உண்மைய சொல்லுங்க. யாருண்ணே அந்த ஷப்னம்?"

நான் அவள் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தேன்.

"ராத்திரி பகலு அவ பேருதான். வெளிய வந்துரு, சீக்கிரம் வந்துருன்னு கெஞ்சிகினு கீறாரு. குவார்ட்டர்ஸ்ல இருந்தவ நானு, அந்த அளவு இந்தி எனக்குப் புரியும். நாப்பது வருசம் ஒரு பொம்பளைய மனசுல வெச்சிகினா என்கூட குடும்பம் நடத்துனாரு?"

நீ உள்ளே கட்டிலில் கிடந்தாய். உன் குரல் எனக்குக் கேட்டது. அன்று சொல்ல முடியாததை இப்போது சொல்லிக்கொண்டிருந்தாய். எழுந்து ஓடு, அங்கே இருக்காதே என்று அவனை எச்சரித்துக்கொண்டிருந்தாய்.

"அதெல்லாம் உளறல்மா, மனசுல வெச்சுக்காத" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். போட்ட கையெழுத்தை மீறக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். அத்தனை வருடம் கழித்து எந்த அதிகாரி வந்து கேட்கப்போகிறான்? அந்தக் கோட்டைப் போட்டது யார் என்று அவள் கேட்டுவிடுவாளோ என்றுதான் பயந்தேன். அதன் பிறகு இரண்டு மாதம் இருந்தாய். நான் இரண்டே முறைதான் வந்தேன்.

உன் காரியம் முடிந்த அன்று, பந்தல் பிரித்துக்கொண்டிருந்தபோது, அவளைத் தனியாக உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். என் கோட்டையும் சேர்த்துத்தான். அவள், "அப்ப நான் கேட்டப்பவே உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"தெரியும்மா."

"நான் அவரு கிட்டயே போவலண்ணே. சமையல்கட்டுலயே படுத்துகினேன். கடைசி நாளு என் பேர சொல்லித்தான் தண்ணி கேட்டாரு. மருமவ கையில குடுத்தனுப்புனேன்."

என்னைத் திட்டவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். இப்போது நெமிலிச்சேரி பக்கம் போனாலும் உன் தெருவுக்குள் நுழைய எனக்குக் கால் வருவதில்லை.

நேற்று என் மனைவியிடம் எல்லாம் சொன்னேன். நாளைக்கு எனக்கும் நினைவு தப்பலாம், நான் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் பக்கத்திலேயே இரு என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சரி" என்றாள்.

அந்தக் கைக்குள் என் கை இருந்தபோது உன்னைத்தான் நினைத்தேன். உனக்குக் கிடைக்கவிடாமல் செய்ததை நான் எனக்கு வாங்கிக்கொண்டேன்.