குண்டு தேடும் வேலை

பனியன் தைக்கப் போய்த் திருப்பூர்க்காரியாகிவிட்ட சுகுணாவுக்கு,

போனில் பேசினால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கடிதம்.

தேயிலை விலை விழுந்து ஃபேக்டரியைப் பூட்டியபின், உன் புருஷன் குன்னூரில் குண்டு தேடுகிறான். சிரிக்காதே. ஏதோ ஒரு நாட்டுக் கடலடியில், பழைய யுத்தத்தில் வெடிக்காமல் போனவை கிடக்கின்றனவாம். கம்ப்யூட்டரில் வரும் கடலடிப் படத்தைப் பார்த்துக் குண்டு எது, கல் எது என்று நான் குறித்துக்கொடுத்தால், கம்ப்யூட்டர் அதைக் கற்றுக்கொள்ளும். கடலையே பார்க்காத வாத்தியார்.

ஃபேக்டரியில் சந்தேகப்பட்ட இலையையெல்லாம் கழித்த கை அல்லவா, சந்தேகப்பட்ட கல்லையெல்லாம் குண்டு என்றே போட்டுவிட்டேன். மேற்பார்வை பார்க்கும் நிதா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஏனுங்ண்ணா, இப்ப மெஷினும் உங்களாட்டவே கல்லெல்லாம் குண்டுங்குது."

"இல்லாததை இருக்குதுன்னா நட்டமில்ல பாப்பா. இருக்கறதை உட்டுட்டா, தண்ணிக்குள்ள எறங்கறவன் போயிருவானே" என்றேன்.

அதே புத்திதான் வீட்டிலும். சாயங்காலம் மஞ்சூர் பஸ் வளைவில் நின்றால், நீயோ என்று போய்க் கதவைத் திறக்கிறேன். இப்போது நம் வீட்டிலேயே கிடக்கும் பக்கத்து வீட்டு நாயும் கூடவே வந்து பார்க்கும். நேற்று பஸ் சத்தம் கேட்டு நான் எழுவதற்குள், அது போய்க் கதவருகே நின்றுவிட்டது.

பொங்கலுக்கு உனக்கு லீவு தருவார்களா என்று நாய்தான் கேட்கச் சொன்னது.

அதன் சார்பில் எழுதிக்கொடுக்கும்,
உன் வீட்டுக்காரன்