செருப்பு வைத்த அத்தியாயம்

நானா,

நேற்றுக் காலை மன்னார் பஸ் நிலையத்தில், சிலாவத்துறைப் பஸ்ஸின் கொண்டக்டர் ஒரு பார்சலை என் கையில் திணித்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார். அங்கிருந்து பேசாலை வரைக்கும் நான் அரசனைப் போல வந்தேன். என் சீற்றில் மட்டுமல்ல, முன்னுக்கும் பின்னுக்கும் மூன்று சீற்றில் ஒரு சீவன் இருக்கவில்லை. வீட்டுப் படலைக்கு வந்து சேர்ந்தபோது ஊர்ப் பூனைகள் அத்தனையும் எனக்குப் பின்னால் ஊர்வலமாக வந்துகொண்டிருந்தன. திருவிழாவில் தூக்கிவரும் மாதா சுருவத்துக்குப் பின்னாலும் அவ்வளவு பக்தியான கூட்டத்தை நான் கண்டதில்லை.

“என்னப்பா, கட்டாக் கருவாடோ?” என்று மனுசி குசினிக்குள் இருந்து கேட்டாள்.

“இல்லையப்பா. இங்கிலீஸ் இலக்கணம்.”

“அப்ப ஏன் உப்பிடி மணக்குது?”

“நானாவின்ர புத்தகம்.”

அவள் அடுப்பைத் தணித்தாள். வெளியே வந்து, கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, பார்சலின் கயிற்றைத் தானே அவிழ்த்தாள்.

உங்கள் மனைவி, ராத்தாதான் அனுப்பியிருக்கிறா. நீங்கள் மௌத்தாகி அடக்கம் செய்து மூன்று மாதம் கழித்து, இப்போதுதான் உங்கள் அலுமாரியைத் திறக்க அவவுக்கு மனம் வந்திருக்கிறது. புத்தகத்தை வெயிலில் வேலிக் கம்பியில் போட்டுவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டுக் காவல் இருந்தேன். பூனைகள் என்னைப் பார்த்தன. நான் புத்தகத்தைப் பார்த்தேன். அந்தச் சனிக்கிழமைகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி வந்தன.

தலையில் நரை விழுந்த பிறகு ஆங்கில டிப்ளோமா படிக்கப் போன மகாவீரர்கள் நாங்கள். மூத்தவர் என்றபடியால் நீங்கள் எனக்கு நானா, நான் உங்களுக்குத் தம்பி. மன்னார் பட்டினத்தில் அந்தத் தகரக் கூரை வகுப்பு நினைவிருக்கிறதா? யன்னலுக்குள் தலையை நீட்டிக்கொண்டு ஒரு கழுதை நிற்கும். மிஸ் வரவு கூப்பிடும்போது அதன் பெயரையும் சேர்த்திருக்க வேண்டும். என்னைவிட ஒழுங்காகப் பாடத்துக்கு வந்தது அதுதான். முதல் நாள் மிஸ் இலக்கணப் புத்தகத்தை மேசையில் வைத்தபோது தள்ளாடிப் பாலம் வரைக்கும் நிலம் அதிர்ந்தது. இருபத்தொரு அத்தியாயம். அதைச் சுமந்து சுமந்தே என் வலது தோள் இரண்டு அங்குலம் இறங்கிப்போனது. மனுசி இன்றைக்கும் அது சோம்பலால் வந்த கூனல் என்றுதான் சொல்கிறாள்.

நான் வந்தது வேலை செய்யும் கந்தோரில் ஒரு படி உயரலாம் என்ற ஆசையில். கிடைக்காவிட்டால் குடி முழுகாது. உங்கள் கதை அப்படியல்ல. முசலிக் கரையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆறு வருசமாகத் தொண்டர் ஆசிரியராக ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டு, பின்னேரத்தில் உங்கள் கூடப்பிறந்த மூத்த காக்காவின் கருவாட்டு வாடிக் கொட்டிலில் மீன் பிரட்டிக்கொண்டு இருந்தீர்கள். நிரந்தர நியமனத்துக்கு இந்த டிப்ளோமா வேண்டும். நியமனத்துக்கு வயதெல்லையும் உண்டு. கணக்குப் பார்த்தால் வயது தாண்டமுன் நீங்கள் எழுத மிச்சம் இருந்தது இரண்டே இரண்டு சோதனை. இதை நீங்கள் ஒருநாள் தேத்தண்ணிக் கடையில் வைத்து, மழை வரும்போல இருக்கு என்று சொல்லுகிற குரலில் சொன்னீர்கள். நானும் மழையைப் பற்றிக் கேட்ட மாதிரித்தான் கேட்டுக்கொண்டேன்.

பிறகுதான் என் மூளையில் அந்தப் பொன்னான திட்டம் உதித்தது. அப்போது பக்கத்தில் இருந்தது நீங்களும், எங்களோடு படித்த கன்னியாஸ்திரியும்.

“இருபத்தொரு அத்தியாயத்தையும் ஒரு மனிசன் படிச்சு முடிக்கிறதெண்டா மூண்டு பிறவி வேணும்,” என்று நான் கதிரையில் ஏறி நின்று பிரகடனம் செய்தேன். “கரைவலை இழுக்கிற மாதிரி இழுப்பம். ஆளுக்கு ஏழு. கூறு வைப்பம். அவரவர் தன்ர கூறைப் படிச்சுப் பிழிஞ்சு மற்ற ரெண்டு பேருக்கும் சாறாக் குடுக்கிறது. வலைக்குச் சொந்தக்காரச் சம்மாட்டி நான்!”

“சோதனை மண்டபத்தில ஆளுக்கு ஒரு கேள்வித்தாள்தானே தருவினம், சேர்?” என்றா சிஸ்டர். நறுவிலிக்குளத்து வயல்காரர் வீட்டுப் பிள்ளை. கடலை எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்ப்பா.

உங்கள் முகம் மட்டும் மலர்ந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அது சொல்லித் தெரியவேண்டிய வழக்கமா? கரையில் மீனைக் கூறு கூறாகக் குவித்து, ஒவ்வொரு குவியலுக்கு மேலும் அதற்குரியவனின் செருப்பையோ தொப்பியையோ வைத்துவிட்டால் சரி. அவன் தேத்தண்ணிக்குப் போனாலும், கலியாண வீட்டுக்கே போனாலும், அந்தக் கூறை வேறொருவன் தொடான். காகம்கூட இரண்டு தரம் யோசித்துத்தான் கொத்தும். நீங்கள் பென்சிலை எடுத்து ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் பெயர் எழுதினீர்கள். என் பங்குக்கு வந்த ஏழுக்கும் பெயரோடு என் செருப்பையும் கீறினீர்கள். வார் அறுந்து ஊசி குத்தியிருந்ததைக்கூட விடவில்லை.

அடுத்த சனி நீங்கள் முதலாவது கூறைக் கொண்டுவந்தீர்கள். என்ன விளக்கம் நானா அது! சொற்களைத் தரம் பிரித்த மீன் மாதிரி வரிசையில் வைத்தீர்கள், கழுதையும் தலையாட்டியது. சிஸ்டரும் நாள் தவறாமல் கொண்டுவந்தா. நான் கொண்டுவந்தவை காரணங்கள். ஒரு சனி தலையிடி. ஒரு சனி மச்சானுக்குத் தலையிடி. இரண்டு அத்தியாயத்தைக் குரலை உயர்த்தியும் கையை ஆட்டியும் சமாளித்தேன். அதில் இருந்தது காற்று மட்டும்.

“மிச்சம் எப்ப தம்பி?”

“அடுத்த சனி நானா. மாதா மேல ஆணை.”

“இன்ஷா அல்லாஹ்,” என்று நீங்கள் நம்பினீர்கள்.

சோதனை முடிந்து பெறுபேறு ஒட்டிய அன்று சிஸ்டர் சித்தியடைந்திருந்தா. நான் மயிரிழையில் சித்தி. உங்கள் ஏழும் சிஸ்டரின் ஏழும் என்னைத் தோளில் தூக்கிக் கரை சேர்த்தன. உங்கள் பெயர் அந்தத் தாளில் இல்லை. வெளியே வந்து நான் கழுதைக் கூட்டத்துக்குப் பின்னால் ஒளித்தேன். அங்கே நான் அவ்வளவு வித்தியாசமாகத் தெரியவில்லை. ஆனாலும் நீங்கள் கண்டுபிடித்து வந்தீர்கள், பின்னால் சிஸ்டரும்.

“என்ர அத்தியாயங்களை நீங்களே ஒருக்காப் பிரட்டிப் பாத்திருக்கலாமே நானா,” என்று நான் உங்களில் பாய்ந்தேன். பிழை செய்தவனுக்கு வரும் கோபம் அது. “புத்தகம் உங்கட கையிலதானே இருந்தது!”

நீங்கள் என்னை விளங்காமல் பார்த்தீர்கள். “செருப்பு வைச்ச கூறில கை வைக்கிறதா தம்பி? நீங்க கொண்டு வருவீங்க எண்டு பாத்திருந்தனான்.”

அதில் நக்கலும் இல்லை, குறையும் இல்லை. அதுதான் சுட்டது. சிஸ்டர்தான் எனக்கு உரியதைத் தந்தா: “உங்களுக்கு வெக்கமா இல்லையோ சேர்? நான் உங்களை நம்பேல்லை; உங்கட ஏழையும் நானே இருந்து படிச்சிட்டன். நானா பாவம், உங்களை ஒரு மனிசன் எண்டு நம்பிட்டார்.”

நானா, சிஸ்டரின் வாயால் நான் வாங்கிய அந்த ஞானஸ்நானம் முதலாவதைவிட ஆழமானது. உங்களுக்கு மிச்சம் ஒரே ஒரு சோதனை. அன்றிலிருந்து, டிப்ளோமாவைச் சுவரில் மாட்டிய பிறகு இலக்கணம் படிக்கத் தொடங்கிய உலகின் முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன். சனிக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறி, அரிப்பு ஊரைத் தாண்டி, உங்கள் வாடிக்கு வந்தேன். நீங்கள் மீன் பெட்டியைக் கவிழ்த்து எனக்குச் சிம்மாசனம் போட்டீர்கள். தட்டியில் கட்டாவும் பாரையும் காய, நடுவில் புத்தகம் விரிந்து கிடந்தது.

“தம்பி, மழை இருட்டுது. முதல்ல கருவாட்டை அள்ளுவம், பிறகு வாக்கியத்தைப் பிரிப்பம்,” என்பீர்கள். இரண்டையும் மாறி மாறிச் செய்ததில் எந்தப் பக்கத்தில் எண்ணெய், எந்தப் பக்கத்தில் மை என்று தெரியாமல் போனது. நான் தடுமாறினால் விடமாட்டீர்கள். “இது பழைய காத்து, தம்பி. அடுத்த பஸ்ஸில போய்ப் படிச்சிட்டு வாங்க,” என்று என்னைத் திருப்பி அனுப்பிய நாளும் உண்டு. ஒரு கூறு சரியாக வந்து சேர்ந்தால்தான் பென்சிலை எடுத்து அந்தச் செருப்பின் மேல் கோடு போடுவீர்கள். பாப்பரசர் என் தலையில் கை வைத்தாலும் அந்தக் கோட்டின் சுகம் வந்திருக்காது.

ஆறு செருப்புக்குக் கோடு விழுந்தது. ஏழாவது சனி எங்கள் கோயில் திருவிழா. நான் மின்குமிழ்க் குழுவின் தலைவர். நான் இல்லாவிட்டால் மாதா இருட்டில் நிற்பா என்று முழுமனதாக நம்பினேன். வரவில்லை. அடுத்த வாரம் நீங்கள் அந்த ஆறோடு சோதனைக்குப் போனீர்கள். ஏழாவதில் இருந்து வந்த கேள்வியைத் தொடாமல் விட்டுவிட்டு எழும்பினீர்கள்.

சித்தி. நியமனக் கடிதம் வந்த அன்று தொலைபேசியில் “தம்பி, கிடைச்சிட்டுது,” என்றீர்கள். நான் அழவில்லை. அன்று பேசாலைக் கரையில் கடல் ஒரு முழம் ஏறியதற்கு வேறு காரணம் இருந்திருக்கும்.

ஆனால் அந்த ஏழாவதை நீங்கள் விட்டீர்களா? பெருநாளுக்கு வட்டிலாப்பம் தந்தால், தட்டை நீட்டிக்கொண்டே, “உங்கட கூறு ஒண்டு இன்னும் வந்து சேரேல்ல.” என் மகள் கலியாணத்தில், அத்தனை சம்பந்திமாருக்கும் நடுவில், “மாப்பிள்ளை, மாமனாரிட்ட எதையும் கூறு வைச்சு எடுக்காதீங்க.” நான் ஒவ்வொரு முறையும் “அடுத்த சனி” என்பேன். நீங்கள் “இன்ஷா அல்லாஹ்” என்பீர்கள். அது எங்கள் வணக்கமாகவே ஆகிவிட்டது. கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒக்சிசன் குழாயை விலக்கிவிட்டு என்னைப் பார்த்து ஏழு விரலைக் காட்டினீர்கள். நானும் பழக்கத்தில், “அடுத்த சனி நானா,” என்றேன். சிரித்தீர்கள்.

அடுத்த சனிக்கு நீங்கள் இருக்கவில்லை.

நேற்றுப் பின்னேரம் புத்தகம் காய்ந்த பிறகுதான் விரித்தேன். தாள் எல்லாம் கருவாட்டு எண்ணெய் குடித்துப் பழுப்பாகியிருந்தது. இருபதாம் அத்தியாயம் வரைக்கும் கோடு, குறிப்பு, வியர்வை. இருபத்தோராவது மட்டும் அன்றைக்கு அச்சடித்த வெள்ளை. ஒரு விரல் அடையாளம் இல்லை. தலையில் என் பெயர். பக்கத்தில் வார் அறுந்த செருப்பு, கோடு விழாமல். எனக்கு நம்ப முடியவில்லை. ராத்தாவுக்குப் போன் எடுத்தேன்.

“இத்தனை வருசம் படிப்பிச்ச மனிசன், ராத்தா. இந்தப் பாடத்தைப் பள்ளிக்கூடத்தில என்னெண்டு எடுத்தவர்?”

“அத எடுக்கமாட்டார் தம்பி. அந்தக் கிழமை மட்டும் மற்ற டீச்சரக் கூப்பிட்டு வகுப்பக் குடுத்துடுவார். கேட்டா, அது பேசாலைத் தம்பிட கூறு, நான் தொடக்கூடாது எண்டுதான் சொல்லுவார்.” பிறகு, “அவருக்கு அது ஒரு சந்தோசம் தம்பி. நீங்க வாறதுக்கு ஒரு சாட்டு இருக்கட்டும் எண்டுதான்,” என்றா.

நானா, நான் உலகத்துப் பொய்யெல்லாம் சொன்னவன். இதற்கு மேல் எனக்குப் பொய் வரவில்லை.

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருந்தேன். அத்தியாயத்தை மூன்று தரம் வாசித்தேன். விளங்காத இடத்தைச் சிஸ்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். “இப்பவோ சேர்?” என்று கேட்டா. பிறகு திட்டாமல் ஆறுதலாகச் சொல்லித் தந்தா. மனுசியை முன்னால் இருத்தி ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், பூனைகளுக்கு இன்னொருமுறை. காற்றில்லை நானா. நீங்கள் திருப்பி அனுப்பமாட்டீர்கள்.

நாளைக்குச் சனி. முதல் பஸ்ஸில் வாறன். உங்களை அடக்கிய மையவாடியின் மதிலுக்கு வெளியே, வேப்பமர நிழலில் நின்று சொல்லுவன். மேயிற ஆடுகள் கேட்டால் கேட்கட்டும். பென்சில் என் சட்டைப் பையில் இருக்கிறது. கோடு போடுவதை மட்டும் ராத்தாவிடம் கேட்கப் போகிறேன். என் கூறில் நானே கோடு போடுவது முறையில்லை.

செருப்பை எடுங்கோ நானா. கொண்டு வாறன்.