நீங்கள் வாங்காத ஐந்தாவது டயர்

தையல் டேப்பிலிருந்து டயர் வாசனை இன்னும் போகவில்லை. காலையில் ஒரு பெண்ணுக்கு ஜாக்கெட் அளவெடுத்தபோது, "இன்னாக்கா, ரப்பர் நாத்தம் அடிக்குது" என்று மூக்கைச் சுளித்தாள். புது டயர் வாசனை உங்களுக்குப் பிடிக்கும், எனக்குத் தலையை வலிக்கும். போன வாரம் புத்தூர் டயர் கடைக்கு இந்த டேப்போடுதான் போயிருந்தேன். நீங்கள் கண்ணை மூடிய பிறகு நம் சரக்கு வண்டிக்காக நான் படியேறிய முதல் கடை அது.

நடந்ததைச் சொல்கிறேன். சாமுவேல் விஜயபுரம் தோப்பிலிருந்து மாங்காய் ஏற்றிக்கொண்டு சித்தூர் மாம்பழக்கூழ் பாக்டரிக்குப் போனான். நீங்கள் வைத்த டிரைவர், உங்களைப் போலவே யாரையும் ஒரு கேள்வி கேட்காதவன். கார்வேட்டிநகரம் தாண்டியதும் பின்சக்கரம் ஒன்று வெடித்துவிட்டது. அடியில் தொங்கிய ஸ்டெப்னியை எடுத்து அப்படியே பின்னால் மாட்டி ஓட்டியிருக்கிறான். தோப்புப் பாதையில் வண்டி வயிறு தரையில் தட்டுகிறது என்று போன கோடையில் நான்கு சக்கரத்துக்கும் பெரிய டயர் போட்டீர்கள். ஸ்டெப்னி மட்டும் பழைய சின்ன அளவு. பாரத்தோடு வண்டி ஒரு பக்கம் சாய, ஒரு வளைவில் மாங்காயெல்லாம் உருண்டு, புளியமரத்தில் மோதாமல் தப்பியது கர்த்தர் கிருபை. "அக்கா, ஸ்டியரிங் என் பேச்ச கேக்கவே இல்ல" என்று போனில் சொன்னான். அவனுக்கு இப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருக்கிறது.

எனக்கு உங்கள் மேல்தான் கோபம் வந்தது. நாலு வாங்கிய மனிதர் ஐந்தாவதை ஏன் வாங்கவில்லை?

உங்கள் ஸ்டெப்னி மேல் எனக்கு எப்போதுமே சந்தேகம் உண்டு. மாங்காய் சீசனில் பாக்டரி வாசலில் வண்டிகள் நாள்கணக்கில் கியூவில் நிற்கும். அங்கிருந்து நீங்கள் வடமாலபேட்டை வீட்டுக்குத் திரும்பினால் நான் உங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பேன். பாதி நாள் அங்கே ஒன்றும் இருக்காது.

"இன்னாங்க, ஸ்டெப்னி எங்க?"

"ஒருத்தன் பஞ்சராயி நின்னுக்கினு இருந்தான். குடுத்தேன். வந்துடும்."

"எந்த ஊரு அவனுக்கு?"

"அதெல்லாம் யாரு கேட்டது?"

நம்முடையதை அடையாளம் காண வெள்ளை பெயிண்டில் சின்னதாகச் சிலுவை போட்டு வைத்தேன். அடுத்த முறை சிலுவை இல்லாத மொட்டை டயர் ஒன்று வந்து சேர்ந்தது. "அதுவும் ரவுண்டாத்தானே இருக்குது" என்றீர்கள். விற்றுவிட்டு வந்து எனக்குக் கதை சொல்கிறீர்களோ என்றுகூட நினைத்திருக்கிறேன். நினைத்ததற்கு எனக்கு வருத்தமெல்லாம் இல்லை. வீட்டில் ஒருவராவது சந்தேகப்பட வேண்டும். நீங்கள் அந்த வேலையைத் தொடவே இல்லை, அதனால் உங்கள் பங்கும் என் தலையில் விழுந்தது.

கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று உங்களைப் பற்றி இரண்டு வார்த்தை வருத்தமாகச் சொன்னார். எனக்கு அதுவே பிடிக்கவில்லை. வியாபாரத்துக்கு முன்னால் வருத்தப்படுகிறவரை எப்படி நம்புவது? வெடித்ததற்குப் பதில் சாமுவேல் சித்தூரிலேயே ஒன்று போட்டிருந்தான், ஐந்தாவதாக ஒன்று வேண்டும் என்றேன். அளவு எண்ணைப் பார்த்து ஒரு டயரை உருட்டி வந்தார். நான் சாமுவேல் வாசலில் நிறுத்தியிருந்த நம் வண்டியின் சக்கரம் ஒன்றைக் கழற்றி அதன் பக்கத்தில் நிறுத்தச் சொன்னேன். இரண்டுக்கும் டேப் வைத்து உயரம் பார்த்தேன். எண் ஒன்றுதான், உயரத்தில் வித்தியாசம் இருந்தது.

"கம்பெனி வேறம்மா. கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், பர்வாலேது, ஒண்ணும் ஆவாது."

"ஜாக்கெட்டே அப்படித் தெச்சா வாங்க மாட்டாங்க. அதே கம்பெனி எடுத்துக்கினு வாங்க" என்றேன். வந்ததில் எந்த வருஷத்துச் சரக்கு என்று பொறித்திருப்பதைப் பார்த்தேன். பள்ளங்களில் விரலை விட்டுப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு மெதுவாக ஆரம்பித்தார். "அம்மா, இது வண்டி அடியில இருக்கிற கூட்டுல நுழையாது, மேலதான் வெக்கணும். பழசையே வெச்சிக்கலாம். பின்னால வெடிச்சா, பாரம் தாங்குறதுக்கு முன்சக்கரத்தக் கழட்டிப் பின்னால போட்டு, சின்னத முன்னால மாட்டி, பக்கத்துப் பஞ்சர் கடை வரைக்கும் மெதுவா போவலாம்."

விற்கிறவரே வேண்டாம் என்றால் நான் சும்மா இருப்பேனா? "பழசு மேல உங்களுக்கு இன்னா அவ்ளோ அக்கறை?" என்று கேட்டுவிட்டேன்.

"எனக்கில்லம்மா, உங்க வீட்டுக்காரருக்கு. அஞ்சா போடுங்கன்னு நான் சொன்னேன். அவருதான் வாணாம்னாரு. கியூவுல நிக்கிற வண்டிக்கெல்லாம் பழைய சைஸுதான், பெருசு வாங்கினா அது யாருக்கு ஆவும்னு கேட்டாரு."

பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு நாளும் நம் வண்டிக்கு அடியில் தொங்கியது நம் ஸ்டெப்னியே இல்லை. ஊரார் அவசரத்துக்கு ஒன்றைச் சுமந்துகொண்டு, உங்களுக்கென்று ஒன்றும் இல்லாமல் அந்த ரோட்டில் ஓடியிருக்கிறீர்கள். பெருமையாக இருந்தது. நீங்கள் எதிரில் இருந்திருந்தால் அடித்துமிருப்பேன்.

பெரியதையே, உள்ளே மாட்டும் இரும்பு டிஸ்கோடு வாங்கினேன். கேபினுக்குப் பின்னால் நிறுத்திச் சங்கிலி போட்டுப் பூட்டச் சொன்னேன். மாங்காய் ஏற்றும் இடத்தை அடைக்கிறது, அடைக்கட்டும். சாவியைச் சாமுவேலிடம் கொடுத்து, "இது உனக்கு. எவன் வந்து கேட்டாலும் குடுக்காத" என்றேன்.

"அப்ப அடியில இருக்கிறது?" என்று கேட்டான். அதை நான் கழற்றச் சொல்லவில்லை.

மறுநாளே பாக்டரி கியூவிலிருந்து சாமுவேல் போன் செய்தான். நாகலாபுரத்து வண்டி ஒன்று பஞ்சராம், நம்முடைய பழையதைக் கேட்கிறார்களாம். அந்த ஆளிடமே போனைக் கொடுக்கச் சொன்னேன். பேர், அப்பா பேர், வண்டி நம்பர், கோயிலுக்கு எந்தப் பக்கம் வீடு, எல்லாவற்றையும் விசாரித்தேன். அவர் சலித்துப்போய், "நம்பிக் குடும்மா" என்றார்.

"நம்பல. எடுத்துக்கினு போங்க" என்றேன்.

போனை வைத்த பிறகு வெகுநேரம் அழுதேன். வீட்டில் நீங்கள் இல்லாதது அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக உறைத்தது.

அந்த நாகலாபுரத்துக்காரர் இன்றுவரை திருப்பித் தரவில்லை. போன் போட்டால் எடுப்பதில்லை. திருடன் என்றே நினைக்கிறேன். அடுத்து யாராவது கேட்டால் கொடுக்க வண்டியில் ஒன்றுமில்லையே என்று, அதே பழைய அளவில் இன்னொன்று பார்க்கச் சாமுவேலைப் புத்தூருக்கு அனுப்பியிருக்கிறேன்.