நீ தூக்காத கை

கடுகெண்ணெய் வாசனை வந்தாலே இப்போதெல்லாம் உன் ஞாபகம்தான். இன்று நல்ல மழை. நம் சர்ச் சுவருக்கு வெளியே, இங்கே வேலைக்கு வந்திருக்கும் ஜார்க்கண்ட் பையன்கள் ஆராதனையை முடித்துவிட்டுக் கடுகெண்ணெயில் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அடுப்புக்கு மேலே தார்ப்பாயின் நாலு மூலையை நாலு பேர் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

அன்று அவர்கள் ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம் ஆராதனைக்குச் சபை மண்டபத்தைக் கேட்டார்கள், அவ்வளவுதான். கமிட்டியில் நான்தான் எழுந்து பாதுகாப்பு, சுத்தம், யார் பொறுப்பு என்று நீட்டி முழக்கினேன். நடுவில் அன்பைப் பற்றி ஒரு வசனம் வேறு. திருமழிசை கம்பெனியில் என் மகனை வேலையை விட்டு நிறுத்தி வடக்கத்திப் பையன்களை எடுத்த ஆத்திரம் அது. உனக்கு மட்டும்தான் அது தெரியும். வேண்டாம் என்று எல்லாருடைய கையும் உயர்ந்தது. உன் கை மட்டும் மடியிலேயே இருந்தது.

செயலாளரான நான் தீர்மான நோட்டில் வழக்கம்போல ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று எழுதினேன். நம் சபையில் எதையும் அப்படித்தான் எழுதுவோம். சண்டை வெளியே தெரியக் கூடாது.

“நம்ம அப்பனுங்க மட்டும் இன்னா மச்சான், ஆவடி பேக்டரி வேலைக்கு மூட்டைய தூக்கினு வந்தவங்கதான?” என்றாய் வெளியே வந்ததும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் அடுத்த கூட்டத்தில் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாய். ஏன் என்று கேட்டேன்.

“போடலன்னா ஏன்னு கேப்பாங்க. உன் புள்ள கதை வெளிய வரும். அவனே நொந்து போய் கீறான்.”

மறு மாதம் உன்னை அடக்கம் செய்தோம். அந்தப் பையன்கள் கடைசி வரிசையில் நின்று அழுதார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இன்றும் அதை நினைத்தால் கூசுகிறது.

போன வாரம் கமிட்டியில் மண்டபத்தைக் கொடுத்துவிடலாம் என்றேன். ஏகமனதாக முடிந்ததை ஏன் கிளறுகிறாய் என்றார்கள். ஏகமனது இல்லை, நீ கை தூக்கவே இல்லை என்றேன். என் மகன் கதையையும் சொல்லிவிட்டேன். தலைவர் நோட்டைப் புரட்டி உன் கையெழுத்தைக் காட்டினார்.

“நீங்க எழுதனது. அவரு போட்டது. இனிமே யாரைக் கேக்கறது?”



மண்டபச் சாவி இன்றும் என் சட்டைப்பையில்தான் இருந்தது. கமிட்டி சொல்லாமல் திறக்க எனக்கு அதிகாரம் இல்லை. போய்த் தார்ப்பாயின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டேன். அதுவரை பிடித்திருந்த பையன் கையை உதறிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை கையைத் தூக்கியபடி நின்றேன்.